ஊர்க்குளத்தில் வலசை: ஆவணி முதல் கார்த்திகை வரை

வலசைப் பறவைகள் மார்கழிப் பனியோடு வருபவை என்ற எண்ணம் தமிழ்நாட்டில் பரவலாக இருக்கிறது. பனிக்காலத்தில் அவை நிறையக் கண்ணில் படுவதால் உண்டான எண்ணம் இது. வரவு ஆடி மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஜூலை முடிவதற்குள் கோடியக்கரைச் சதுப்பில் உள்ளான்களின் முதல் கூட்டங்கள் இறங்கியிருக்கும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் மலை ஓடைகளுக்கு வாலாட்டிகள் வந்து சேரும். அக்டோபரில் தோப்புகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் கீச்சான்களும் ஈப்பிடிப்பான்களும் தென்படும். ஏரிகள் நிறைந்த பிறகு நவம்பரில் வாத்துகள் வரும். வடநாடுகளில் இது இலை உதிரும் பருவம். இங்கே காரும் கூதிரும். பனிக்காலத்தில் பார்க்கும்போது பறவைகள் வந்து நிலைத்துவிட்டிருக்கும். எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது, எது ஒரு நாள் மட்டும் தங்கி மேலே போனது என்பதெல்லாம் இந்த மாதங்களில் மட்டுமே தெரியும்.

யார் வலசைப் பறவை என்பதில் தெளிவு வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் வேடந்தாங்கலைப் பற்றிய செய்திகளில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து கூடு கட்டுவதாக எழுதப்படுகிறது. அங்கே நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகள். மழையையும் இரையையும் பார்த்து ஏரிக்கு ஏரி, மாநிலத்துக்கு மாநிலம் இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் இமயத்திலிருந்தும் வருபவை இங்கே முட்டையிடுவதில்லை. அவற்றின் கூடு வடக்கே இருக்கிறது. இங்கே வருவது இரை தேடவும், தேய்ந்த இறகுகளை மாற்றிக்கொள்ளவும், அடுத்த பயணத்துக்கு உடம்பைத் தேற்றிக்கொள்ளவும்தான். வேடந்தாங்கலிலேயே இரண்டு வகையையும் ஒரே காலையில் பார்க்கலாம்: மரத்தின் மேல் உள்ளூர் நாரைகள், கீழே நீரில் வடக்கிலிருந்து வந்த நீலச்சிறகிகளும் ஊசிவால் வாத்துகளும்.

கிளம்பும் காலம்

குளிர் தாங்காமல் பறவைகள் தெற்கே வருகின்றன என்ற விளக்கம் பாடப்புத்தகங்களில்கூட இருக்கிறது. ஆர்க்டிக் தூந்திரத்தில் உள்ளான்கள் கிளம்பும் ஜூலையில் அங்கே கோடை. சூரியன் மறைவதே இல்லை, கொசுவும் பூச்சியும் மொய்க்கும். இரை குறைவதற்கும் நிலம் உறைவதற்கும் வெகு முன்பே பறவை புறப்பட்டுவிடுகிறது. அதன் உடம்பு கணக்கில் எடுத்துக்கொள்வது பகலின் நீளத்தை. 1920களில் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் வில்லியம் ரோவன் ஜுன்கோ என்ற சிறு குருவிகளைக் கடுங்குளிரில் திறந்தவெளிக் கூண்டுகளில் வைத்து, மின்விளக்கு ஏற்றிப் பகலைச் சிறிது சிறிதாக நீட்டினார். உறையவைக்கும் குளிரிலும் அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தம் வந்துவிட்டதுபோல் வளர்ந்தன. பின்னர் ஜெர்மனியில் எபர்ஹார்ட் குவின்னர் இரவு பகல் நீளம் மாறாத அறையில் கதிர்க்குருவிகளை வளர்த்தார். வெளியுலகின் குறிப்பு எதுவும் கிடைக்காத அந்தப் பறவைகளும் ஏறத்தாழ வலசைக் காலத்தில் இரவெல்லாம் நிலைகொள்ளாமல் சிறகடித்தன. உடம்புக்குள் ஆண்டுக் கடிகாரம் ஒன்று ஓடுகிறது. பகலின் நீளம் அதைச் சரிசெய்து வைக்கிறது.

புறப்படுவதற்கு முன் பறவை இடைவிடாமல் தின்று கொழுப்பைச் சேர்க்கிறது. ஒரு கிராம் கொழுப்பு ஏறத்தாழ 9 கிலோ கலோரி ஆற்றல் தரும். மாவுச்சத்திலும் புரதத்திலும் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு. நெடுந்தூரம் நிற்காமல் பறக்கும் சில கரைப்பறவைகளின் எடை கிளம்பும்போது வழக்கமான எடையைப்போல் இரண்டு மடங்கை நெருங்கும். பறக்கும்போது வேலையில்லாத இரைப்பையும் குடலும் சுருங்கிப்போகும். தரையிறங்கிய பிறகு அவை மறுபடி வளரும். நீண்ட பறத்தலுக்குப் பின் இறங்கிய பறவை முதல் நாட்களில் பறந்தோடத் தெம்பின்றி இருப்பதற்கு இதுவும் காரணம். அந்தச் சமயத்தில் படம் எடுப்பதற்காகத் துரத்தி எழுப்புவது அதற்கு உண்மையான தீங்கு.

இந்தியாவுக்கு வருபவை பெரும்பாலும் மத்திய ஆசிய வான்வழியில் வருகின்றன. ஆர்க்டிக் கடலோரத்திலிருந்து இந்தியப் பெருங்கடல் தீவுகள் வரை, 30 நாடுகளின் மேல் விரியும் வழி அது. நடுவே இமயம் நிற்கிறது. சிலவகைப் பறவைகள் அதைச் சுற்றிப் போகின்றன; வரித்தலை வாத்து நேராகவே கடக்கிறது. செயற்கைக்கோள் கருவி பொருத்திய வாத்துகளில் ஒன்று 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தது பதிவாகியிருக்கிறது. மங்கோலியாவிலும் திபெத்திய மேட்டுநிலத்திலும் கூடு கட்டும் இந்த வாத்து, கூந்தன்குளத்தையும் சுற்றியுள்ள திருநெல்வேலிக் குளங்களையும் தேடி வருகிறது. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை அணிவிக்கப்பட்ட வாத்துகள் அந்தப் பகுதியில் கண்ணில் பட்டதும் உண்டு. குமரிக்கும் வடமலைக்கும் இடையே பறக்கும் அன்னச்சேவலைப் பிசிராந்தையார் புறநானூற்றின் 67ஆம் பாட்டில் விளித்துப் பேசுகிறார். அந்த அன்னம் எந்தப் பறவை என்பது வாதத்துக்குரியது. வடமலைக்கும் தென்கோடிக்கும் பறவை போய்வருகிறது என்ற அறிவு அன்றே இருந்தது என்பதில் வாதமில்லை.

வளைமூக்கு உள்ளான் சொல்லும் செய்தி

ஒரே ஒரு பறவையை நெருங்கிப் பார்த்தாலே இந்த வரவின் ஒழுங்கு விளங்கும். அதற்கு வளைமூக்கு உள்ளானைவிடப் பொருத்தமானது இல்லை. ஐம்பது அறுபது கிராம் எடை. நுனியில் மெல்லக் கீழே வளைந்த கறுத்த அலகு. பறக்கும்போது வாலுக்கு மேலே பளிச்சென்று தெரியும் வெண்பட்டை. சைபீரியாவின் ஆர்க்டிக் கரையோரம் மட்டுமே அதன் தாயகம். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் வளையமிட்ட பறவைகளில் இதுவும் கொசு உள்ளானும் மிக அதிகம்.

இந்த இனத்தில் ஆண் அடைகாப்பதில்லை, குஞ்சைப் பேணுவதும் இல்லை. இணை சேர்ந்த கையோடு ஜூலைத் தொடக்கத்தில் தெற்கே கிளம்பிவிடும். குஞ்சு பொரித்து ஓரளவு வளரும்வரை தாய் இருந்து, ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் புறப்படும். இளம் பறவைகள் அதற்கும் பின்னால், பெற்றோர் துணை இல்லாமல், தாமாகவே வரும். எனவே கோடியக்கரையில் வரவு மூன்று அலையாக நிகழ்கிறது. முதல் அலையில் வரும் பறவைகளின் மார்பிலும் வயிற்றிலும் இனப்பெருக்கக் காலத்துச் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். முதுகு இறகுகள் தேய்ந்து கந்தலாக இருக்கும். செப்டம்பரில் இளம் பறவைகள் சேர்ந்துகொள்ளும்போது வேறுபாடு தெளிவாகத் தெரியும்: புத்தம்புது இறகுகள், ஒவ்வொன்றுக்கும் வெளிறிய விளிம்பு, அதனால் முதுகு முழுவதும் மீன் செதில்போன்ற கோலம், மார்பில் லேசான மஞ்சள் கலந்த பூச்சு. பறக்கும்போது சிறகைப் பார்த்தாலும் போதும். வந்து சேர்ந்த முதிர்பறவைகள் பறக்கும் இறகுகளை உதிர்க்கத் தொடங்கியிருக்கும், சிறகில் இடைவெளி தெரியும்; இளம் பறவையின் சிறகு குறைவின்றி இருக்கும். நவம்பருக்குள் உடல் இறகுகள் மாறி எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். வயது பிரித்துப் பார்க்க செப்டம்பரும் அக்டோபருமே ஏற்றவை.

வயது பிரிப்பதால் என்ன பயன்? தூந்திரத்தில் லெம்மிங் என்ற எலியினம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகி, பிறகு சட்டென்று சரியும். லெம்மிங் பெருகிய ஆண்டில் ஆர்க்டிக் நரிக்கு அதுவே போதும். உள்ளானின் முட்டையையும் குஞ்சையும் தேடுவதில்லை. சரிந்த ஆண்டில் நரி தரைக்கூடுகளை ஒவ்வொன்றாகக் காலி செய்யும். விளைவு தெற்கே தெரியும்: ஓராண்டு இளம் பறவைகள் திரளாக வரும், மற்றோராண்டு ஏறக்குறைய முதிர்பறவைகள் மட்டுமே வரும். ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் இளம் பறவைகளின் விகிதத்தை எண்ணியவர்கள் இந்தத் தொடர்பைக் கண்டறிந்தார்கள். வேதாரண்யத்து உப்பளக் கரையில் நின்று நூறு வளைமூக்கு உள்ளான்களில் இளசு எத்தனை என்று எண்ணும் ஒருவர் அந்த ஆண்டு சைபீரியாவில் லெம்மிங் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்தே குறிக்கிறார். வண்ணமயமான அரிய பறவையைத் தேடி அலைவதைவிட இந்த எண்ணிக்கை மதிப்பு மிக்கது.

துணையின்றி வரும் இளம் பறவைக்கு வழி எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு 1958இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல விடை தந்தது. டச்சு அறிஞர் பெர்டெக், நெதர்லாந்து வழியாக வலசை போய்க்கொண்டிருந்த மைனா வகைப் பறவைகளை ஆயிரக்கணக்கில் பிடித்து வளையமிட்டு, சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார். முதிர்பறவைகள் இடமாற்றத்தை உணர்ந்து வழியைத் திருத்திக்கொண்டு வழக்கமான பனிக்கால இடத்தை நோக்கித் திரும்பின. இளம் பறவைகளோ பிறவியில் வாய்த்த அதே திசையில் பறந்து, தெற்கு பிரான்சையும் ஸ்பெயினையும் அடைந்தன. திசையும் தொலைவும் பிறப்பிலேயே இருக்கின்றன. இடத்தை அறிவது ஒரு பயணம் போய்வந்த பிறகு வருகிறது. சூரியன், விண்மீன்கள் சுழலும் அச்சு, புவிக் காந்தப்புலம் மூன்றையும் பறவைகள் திசைகாட்டியாகக் கொள்கின்றன என்பது கூண்டுச் சோதனைகளில் உறுதியாகியிருக்கிறது. முதல் பயணத்தில் வழி தவறும் இளசுகளே பெரும்பாலும் எதிர்பாராத ஊர்களில் தென்படும் அபூர்வங்கள்.

நீர் மட்டமும் காலின் நீளமும்

தமிழ்நாட்டு ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. ஆகவே ஆவணி, புரட்டாசியில் கிழக்கு மாவட்டங்களின் ஏரிகளும் கண்மாய்களும் வற்றிய நிலையில் இருக்கும். மற்றவர்கள் கண்ணுக்கு வெறும் சேறாகத் தெரியும் இந்த ஏரிதான் உள்ளானுக்கு விருந்து. பின்வாங்கும் நீர் விளிம்பில் புழுவும் பூச்சியின் முட்டைப்புழுவும் மேலாக இருக்கும். கொசு உள்ளான் ஈரச் சேற்றில் ஓடி ஓடிக் கொத்தும். பொறி உள்ளான் விரற்கடை ஆழத்தில் நிற்கும். பவளக்காலியும் பச்சைக்காலியும் இன்னும் சற்று உள்ளே போகும். கருவால் மூக்கன் வயிறு நனையும் ஆழத்தில் நின்று நீண்ட அலகை முழுவதும் செருகும். அலகின் நுனியில் அழுத்தத்தை உணரும் நுண்ணிய குழிகள் நெருங்கியிருப்பதால், சேற்றுக்குள் கண்ணால் காணாத இரையையும் அலகு தொட்டறிந்துவிடும்.

மழை வலுத்து ஏரி நிறையும்போது இந்தச் சேற்று விளிம்பு மூழ்கிப்போகிறது. உள்ளான்கள் உப்பளங்களுக்கும் கழிமுகங்களுக்கும் நெல்வயல்களுக்கும் கலைகின்றன. அவை விட்ட இடத்தில் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் இறங்குகின்றன. ஏரிக்கு மேலே தகைவிலான்களும் ஆலாக்களும் சுற்றும். வயல்வெளியில் பூனைப்பருந்துகள் தாழப் பறக்கும். ஒரே குளத்தை ஆவணியிலும் கார்த்திகையிலும் பார்ப்பவருக்கு அது இரண்டு வெவ்வேறு குளமாகத் தோன்றும். நீர்மட்டத்தைக் குறிக்காத பறவைக் குறிப்பு பாதிக் குறிப்புதான். உள்ளான் காணாமல்போனதற்குக் காரணம் மழையா, வேறேதாவதா என்று பின்னாளில் பிரித்தறிய அதுவே உதவும்.

தோப்பிலும் தோட்டத்திலும்

நீர்நிலை அருகே இல்லாதவர்களுக்கும் வலசை உண்டு. அதைக் கண்ணைவிடக் காது முதலில் பிடிக்கும். செப்டம்பர், அக்டோபரில் ஒரு காலை வேலிப்புதரிலிருந்து கரகரவென்று நீளும் கடுமையான கத்தல் கேட்டால் பழுப்புக் கீச்சான் வந்துவிட்டது என்று பொருள். வந்த உடனே எல்லை வகுத்துக்கொள்ளும். போன ஆண்டு அமர்ந்த அதே வேலிக்கே திரும்பி வருவதும் அதன் இயல்பு. புதருக்குள் ஒளிந்து 'சக், சக்' என்று மட்டும் ஒலிப்பது பெரும்பாலும் பிளைத் நாணல் கதிர்க்குருவி. மலை ஓடைகளில் சாம்பல் வாலாட்டி, காப்பித் தோட்டத்து நிழலில் வாலைப் பக்கவாட்டில் அசைத்து நடக்கும் கொடிக்கால் வாலாட்டி, சோளக் கதிர் முற்றும் காட்டில் கூட்டம் கூட்டமாகச் சூறைக்குருவி என்று ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு விருந்தாளி உண்டு.

இவற்றில் மிக நெருங்கி வருவது ஆறுமணிக்குருவி. இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டி, இரவில் பறந்து தெற்கே வருகிறது. பச்சை முதுகு, நீலத் தோள், கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறமும் சருகு கிளறும் ஒரு குட்டைவால் பறவையில் இருக்கின்றன. விடியற்காலையிலும் அந்தியிலும் இரண்டு சுரமாகச் சீழ்க்கையடிக்கும் வழக்கத்தால் இந்தப் பெயர். அக்டோபர், நவம்பரில் களைத்துப்போய் நகரத்து வீடுகளுக்குள் விழுவதும், கண்ணாடி ஜன்னலில் மோதிக்கொள்வதும் வழக்கமாக நடக்கிறது. அப்படி விழுந்த பறவையைக் காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் சில மணி நேரம் வைத்திருந்தால் பெரும்பாலும் தேறிவிடும். சோறோ தண்ணீரோ வாயில் ஊட்டக் கூடாது. தேறியதும் அருகிலுள்ள மரச்செறிவில் விட்டுவிடலாம். காயம் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். கூண்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இரவில் பறப்பவற்றுக்கு வானிலையே பெரிய தீர்மானம். தெளிந்த இரவில் அவை உயரே கடந்துபோய்விடும், மறுநாள் தோப்பில் ஒன்றும் இருக்காது. மேகம் கவிந்து மழை பிடித்த இரவில் கீழே இறங்கும். விளக்கு வெளிச்சம் அவற்றை இழுத்துக் குழப்பும். எனவே மழை விட்ட மறுநாள் காலை தோப்புக்குப் போவது நல்லது. கோடியக்கரையில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். சோழமண்டலக் கரை அங்கே சட்டென்று மேற்கே திரும்புகிறது. எதிரே பாக் நீரிணை, அதற்கப்பால் யாழ்ப்பாணம். கடலைத் தாண்டி இலங்கைக்குப் போக வேண்டிய ஆறுமணிக்குருவியும் அரசவால் ஈப்பிடிப்பானும் பாலை மரங்கள் அடர்ந்த அந்த உலர் பசுமைமாறாக் காட்டில் இறங்கி இளைப்பாறி இரை எடுக்கின்றன. சதுப்புக்காக மட்டும் கோடியக்கரைக்குப் போய்வருபவர்கள் இந்தக் காட்டைத் தவறவிடுகிறார்கள்.

எண்ணிக் குறித்தல்

உள்ளூர்ப் பறவை பார்த்தலுக்கு வேண்டிய கருவிகள் குறைவு: எட்டு மடங்கு பெருக்கும் இருநோக்கி, ஒரு நோட்டு, வெயில் முதுகுப்பக்கம் விழும்படி நிற்கும் பழக்கம். இவற்றைவிட முக்கியம் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது. வீட்டுக்கு அருகிலுள்ள ஏரியை வாரம் ஒருமுறை, ஒரே பாதையில், ஒரே கால அளவில் பார்த்துக் கண்ட இனம் அனைத்தையும் எண்ணிக்கையோடு குறிக்கும்போது, காணாதவையும் தாமாகவே பதிவாகிவிடுகின்றன. இந்த 'இல்லை' இல்லாமல் வருகைத் தேதிக்கு மதிப்பில்லை. அக்டோபர் 5இல் ஒரு கீச்சானைப் பார்த்ததாக எழுதிவைத்தால், அது அன்று வந்ததா, பார்த்தவர் அன்றுதான் போனாரா என்று சொல்ல முடியாது. முந்தைய வாரம் போயும் காணவில்லை என்ற பதிவு இருந்தால் சொல்லலாம். 2007இல் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் தொடங்கிய 'மைக்ரண்ட்வாட்ச்' திட்டம், முதல் வரவுத் தேதிகளை நாடு முழுவதும் பொதுமக்களிடமிருந்து திரட்டியது. பின்னர் அந்தப் பணி, முழுப் பட்டியலைக் கேட்கும் 'இ-பேர்ட்' தளத்தோடு இணைந்தது.

இப்படிச் சேர்ந்த பட்டியல்கள் என்ன செய்யும் என்பதை 2023இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை காட்டியது. 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் ஏறத்தாழ மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்கள் ஆராயப்பட்டன. 178 இனங்கள் உடனடிக் கவனம் வேண்டியவை என்று வகுக்கப்பட்டன. நெடுந்தூர வலசைப் பறவைகள், குறிப்பாக ஆர்க்டிக்கில் கூடு கட்டும் கரைப்பறவைகள் வெகுவாகக் குறைந்திருக்கின்றன என்பது அதன் முடிவுகளில் கவலை தருவது. கோடியக்கரையில் பல ஆண்டுகளாக நடந்த வளையமிடல் ஆய்வுகளும் 1980களோடு ஒப்பிட்டு அதையே சொல்கின்றன. வளைமூக்கு உள்ளானின் நிலையை 2024இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 'அச்சுறுத்தலை நெருங்கியது' என்பதிலிருந்து 'அழியவாய்ப்புள்ளது' என்று ஒரு படி மோசமாக்கியது. தூந்திரம் சூடாவதும், வழித்தங்கல் சதுப்புகள் நிரவப்படுவதும், வந்து சேரும் இடத்தில் நீரின் உப்புத்தன்மை மாறுவதும் குப்பை சேர்வதும் ஒரே பறவையின் மேல் ஒருசேர விழுகின்றன. 2002இல் கோடியக்கரையும், 2022இல் பள்ளிக்கரணை, வேடந்தாங்கல், கூந்தன்குளம் முதலியவையும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது நல்ல காரியம். ஆனால் ஆவணிச் சேற்றில் உள்ளான் இரை எடுக்கும் ஊர்க் கண்மாய்களில் பெரும்பாலானவை எந்தப் பட்டியலிலும் இல்லை. அவற்றுக்குச் சான்று, அங்கே போய்வருபவரின் நோட்டுதான்.

டிசம்பர் நடுவில் வரவு ஏறக்குறைய ஓய்ந்து, பறவைகள் பனிக்கால இடங்களில் நிலைத்துவிடுகின்றன. 1987 முதல் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் நடப்பது இதனால்தான். இடம் மாறாத காலத்தில் எண்ணினால் ஒரே பறவை இரண்டு முறை எண்ணப்படும் வாய்ப்பு குறைவு. மார்ச், ஏப்ரலில் முதிர்பறவைகள் செங்கல் நிறம் ஏறி வடக்கே கிளம்பும். முதலாண்டு வளைமூக்கு உள்ளான்களில் பல இனப்பெருக்கத்துக்குத் தயாராகாததால் கோடைமுழுக்கக் கோடியக்கரையிலேயே தங்கிவிடும். ஜூலையில் அங்கே சாம்பல் நிறத்தில் தென்படும் உள்ளான் போன ஆண்டு வந்தது. செந்நிறத் திட்டுகளோடு இறங்குவது இந்த ஆண்டின் முதல் வரவு.